மலிவு விற்பனையில் எதை எடுப்பது, எதை விடுவது?

கொழும்பின் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடைப்பட்ட ஒரு மின்பொருட் கடையின் முகப்பில் ‘இருப்பு உள்ளவரை மட்டும்’ என்ற பதாகை ஏறிவிட்டால், அங்கே எது முதலில் தீரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நண்பகலுக்குள் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் போய்விடும். அவற்றின் பின்னால் ரைஸ் குக்கர், ஸ்டாண்ட் ஃபேன், கேத்தல், மின்னழுத்தி ஆகியவை போகும். காசாளரின் மேசைக்கருகே கூடையில் குவித்திருக்கும் மல்டி பிளக்குகளை, வரிசையில் நிற்கிற நேரத்தில் ஆளுக்கு இரண்டாக எடுத்துப் போடுவார்கள். விற்பனையின் கடைசி நாள் மாலையில் அதே கடைக்குள் நுழைந்தால் வேறொரு காட்சி: பின்சுவர் ஓரமாக வயர் சுருள்கள், தூசி படிந்த ட்ரிப் சுவிட்ச் பெட்டிகள், 13 அம்பியர் பிளக் பேஸ்கள், ரிமோட் இல்லாத சீலிங் ஃபேன்கள், இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம் ஒன்று, சார்ஜ் செய்யும் அவசரகால விளக்குகள், யாரும் கேட்காத டிவிடி பிளேயர். இப்படி மிஞ்சுபவற்றில் ஒரு பாதி மிஞ்ச வேண்டியவை. மறுபாதியோ, அந்தக் கடையில் அன்றைக்குக் கிடைக்கும் மிக நல்ல பேரமாக இருக்கும்.

சென்ற ஆண்டு என் தங்கையும் கணவரும் வெள்ளவத்தையில், கடலோர மெரின் டிரைவுக்கு இரண்டு ஒழுங்கைகள் உள்ளே, பழைய தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி வீட்டை வாங்கிக் குடிபுகுந்தபோது, மின்பொருட்களுக்கென்று மூன்று இலட்சம் ரூபா ஒதுக்கியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, மூன்று ஃபேன்கள் வேண்டும். சமையலறை வயரிங்கையும் திருத்த வேண்டும். டிசம்பர் மலிவு விற்பனைக் காலம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். எதை மலிவில் எடுப்பது, எதைச் சாதாரண விலைக்கே வாங்குவது என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததன் விளைவுதான் இந்த ஒப்பீடு.

நான் வைத்துக்கொண்ட உரைகல் எளிமையானது: இந்தப் பொருள் ஏன் மலிவாகிறது, அலமாரியில் கிடந்த காலம் இதற்கு என்ன செய்திருக்கிறது? சில பொருட்கள் பெட்டிக்குள் கிடந்தபடியே கிழடாகும். சில பொருட்கள் பத்து வருடம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். விலைக்கழிவின் வீதத்தைவிட இந்த வேறுபாடே முக்கியமானது. ஆனால் பதாகையில் அச்சாவது வீதம் மட்டுமே என்பதால் நம் கண்ணும் அங்கேதான் போகிறது.

தொலைக்காட்சியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் தங்கையும் அங்கேதான் தொடங்கினாள். “அண்ணா, டிவி இண்டைக்கே முடிஞ்சிடுமாம்” என்று காலையிலேயே தொலைபேசியில் அவசரப்படுத்தினாள். முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்மார்ட் தொலைக்காட்சி என்பது திரையோடு ஒட்டிய ஒரு கணினி. அதன் இயங்குதளமும் செயலிகளும் எந்த ஆண்டுக்குரியவையோ அந்த ஆண்டிலிருந்தே அதன் ஆயுட்காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது, நாம் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அல்ல. மூன்று, நான்கு ஆண்டுக்கு முந்திய மாதிரியை முப்பது வீதக் கழிவில் வாங்குகிறவர், திரையைப் புதிதாகவும் கணினியைப் பழையதாகவும் வாங்குகிறார். செயலிகளுக்குப் புதுப்பிப்பு நின்றுபோனால், இன்னொரு சிறிய இணைப்புப் பெட்டியை வாங்கிச் செருகித்தான் சமாளிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கழிவின் பெரும்பகுதி கரைந்துவிடலாம். இதிலிருந்து ஒரு மாற்று யோசனையும் பிறக்கிறது: ஸ்மார்ட் வசதியே இல்லாத, சாதாரண எல்ஈடி தொலைக்காட்சி நல்ல கழிவில் கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு, இணைப்புப் பெட்டியை மட்டும் புதிதாக வாங்குவது அறிவான செயல். அதில் கிழடாகக்கூடிய பகுதி தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கிறது.

காட்சிக்கு வைத்திருந்த தொலைக்காட்சி வேறு கதை. கடையில் அது நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம், கண்ணைப் பறிக்கும் உச்ச வெளிச்சத்தில் ஓடியிருக்கும். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 3,600 மணித்தியாலம். ஒரு வீட்டில் மாலையில் மூன்று மணித்தியாலம் பார்ப்பவர்கள் மூன்று வருடத்தில் செய்யும் தேய்மானம் அது. ஓஎல்ஈடி திரை என்றால், கடையின் விளம்பரப்படம் ஒரே இடத்தில் காட்டிய எழுத்துகள் திரையில் நிரந்தரச் சுவடாகப் பதிந்திருக்கவும் கூடும். ஆகவே காட்சிப் பொருளுக்குப் பத்து வீதக் கழிவு போதாது. பாதிக்குப் பாதி என்றால் யோசிக்கலாம். நாங்கள் யோசிக்கவில்லை, வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

குளிர்சாதனப் பெட்டியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான கடைகளில் காட்சிக்கு நிற்கும் பெட்டிக்கு மின்னிணைப்பே கொடுப்பதில்லை; எனவே அதன் கம்ப்ரஸர் ஒரு நாள்கூட உழைத்திருக்காது. பழுதாகியிருக்கக்கூடியவை வேறு: நாளுக்கு நாற்பது பேர் திறந்து மூடிய கதவின் ரப்பர் ஓரம், காணாமற்போன தட்டுகள், மூடியே கிடந்ததால் உள்ளே பிடித்த பூஞ்சண வாடை. கதவிடுக்கில் ஒரு நூறு ரூபாத் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நான்கு பக்கமும் இதைச் செய்ய வேண்டும், விற்பனையாளர் சிரித்தாலும் பரவாயில்லை. மாதிரி பழையதென்பதால் குளிர் பழையதாகிவிடாது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இன்வேர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளதா, நிலைபெறுதகு வலு அதிகார சபையின் நட்சத்திரச் சிட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா, எத்தனை நட்சத்திரம் என்பவைதான் கேட்க வேண்டியவை. ‘பத்து வருட உத்தரவாதம்’ என்ற பெரிய எழுத்தைக் கண்டு மயங்கவும் கூடாது: அந்தப் பத்து வருடம் பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும், பழுதாவதற்குக் கூடுதல் வாய்ப்புள்ள மின்சுற்றுப் பலகைக்கு உத்தரவாதக் காலம் அதைவிட மிகக் குறைவு. இத்தனையையும் சரிபார்த்த பிறகு, கழிவு விற்பனையில் எடுக்கக்கூடிய பெரிய பொருட்களில் குளிர்சாதனப் பெட்டியே முதலிடம் பெறும் என்பது என் முடிவு. ஆனால் மக்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் போய்விடுகிறார்கள்.

இங்கே வெள்ளவத்தைக்கென்று ஒரு விசேட நிபந்தனை இருக்கிறது. ‘சிறு கீறல், அதனால் கழிவு’ என்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளை கடலிலிருந்து தள்ளியுள்ள மகரகமையிலோ கடுவலையிலோ இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடலோர ரயில் பாதையிலிருந்து முந்நூறு யார் தூரத்தில் வசிப்பவர் அப்படி வாங்க முடியாது. வர்ணம் பெயர்ந்து தகடு தெரியும் இடத்தில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் துருவைக் கொண்டுவந்துவிடும். கீறல் பிளாஸ்டிக் பாகத்தில் என்றால் கவலையில்லை. தகட்டில் என்றால், ஆழத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, நகம் சிக்கினால் விட்டுவிடுவது நல்லது. குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. கடலை நோக்கிய பல்கனியில் பூட்டும் வெளிப்பெட்டியின் சுருள்கள் செம்பா அலுமினியமா, அரிப்பைத் தடுக்கும் மேற்பூச்சு உண்டா என்று கேட்காமல் விலையை மட்டும் கேட்டவர்களின் வெளிப்பெட்டிகளை மெரின் டிரைவில் நடந்து போனால் அண்ணாந்து பார்த்தே எண்ணிவிடலாம்.

குளிரூட்டியைப் பற்றித் தொடங்கியதால் அதையும் முடித்துவிடுகிறேன். கழிவில் வருபவை பெரும்பாலும் இன்வேர்ட்டர் இல்லாத 12,000 பிரித்தானிய வெப்ப அலகு வகைகள். விருந்தினர் வந்தால் மட்டும் போடும் அறைக்கு அது போதும். ஒவ்வோர் இரவும் எட்டு மணித்தியாலம் ஓட விடுபவருக்கு அது தவறான பேரம், ஏனெனில் கழிவாகக் கிடைத்த தொகையை மின்கட்டணம் மெல்ல மெல்லத் திருப்பி எடுத்துவிடும். ஆர் 22 என்ற குளிரூட்டும் வாயு நிரப்பிய பழைய இருப்பு எங்காவது கண்ணில் பட்டால், எந்த விலைக்கும் வேண்டாம்: ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்துவரும் நாடுகள் அந்த வகை வாயுக்களை 2030ஆம் ஆண்டளவில் கைவிட வேண்டியிருக்கிறது, பிற்பாடு நிரப்புவதற்கு வாயு தேடுவதே ஒரு வேலையாகிவிடும். பொருத்தும் கூலி, கூடுதல் செம்புக்குழாய், சுவரில் துளையிடுவது ஆகியவை கழிவு விலைக்குள் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சலவை இயந்திரத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மச்சானுக்கு முன்பக்கக் கதவுள்ள முழுத் தானியங்கி பிடித்திருந்தது. மாதிரி நிறுத்தப்பட்டதால் நல்ல கழிவும் இருந்தது. மாதிரி நிறுத்தப்பட்டது என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். அத்தகைய இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை அந்த மாதிரிக்கென்றே செய்யப்படுவது. ஐந்தாம் வருடம் அது போனால், பலகை கிடைக்காததற்காக முழு இயந்திரத்தையும் கைவிட நேரலாம். மூலையில் நின்ற இரட்டைத் தொட்டி இயந்திரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் இருப்பவை இரண்டு மோட்டார்களும் முறுக்கிவிடும் இரண்டு டைமர்களும்தான். பழுதுபார்ப்பவர் எவரும் திறந்து திருத்திவிடுவார். நீர்வெட்டு நாளில் வாளியால் தண்ணீர் ஊற்றியும் அதை ஓட்டலாம். தொட்டியிலிருந்து தொட்டிக்கு உடுப்பை மாற்றும் வேலை கூடுதல் என்பதை மறுக்கவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த வேலை சிறியதுமல்ல. கடைசியில் அவர்கள் முழுத் தானியங்கியையே எடுத்தார்கள், ஆனால் கழிவில் அல்ல, நடப்பு மாதிரியைச் சாதாரண விலைக்கு. தனியாக வசிக்கும் ஒருவர் கேட்டிருந்தால், இரட்டைத் தொட்டிக்கே நான் வாதாடியிருப்பேன்.

ஃபேன் விடயத்தில் கூட்டம் ஸ்டாண்ட் ஃபேனைத் தேடி ஓடுகிறது, ஏனெனில் அதைக் கையோடு கொண்டு போகலாம். பூட்டுவதற்கு ஆள் தேவையில்லை. சீலிங் ஃபேன் தேங்கிவிடுகிறது. சாதாரண சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வோட் எடுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மோட்டார் பூட்டியது அதே காற்றை 30 வோட் அளவில் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் சுழலும் ஒரு ஃபேனில் இந்த வித்தியாசம் மாதத்துக்கு 16 அலகு. மூன்று ஃபேன் என்றால் 48 அலகு. எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவது. ஒரு படியைத் தாண்டினால் அலகின் விலை மட்டுமல்ல, நிலையான கட்டணமும் கூடும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, பிற்பாடு அது குறைக்கப்பட்டிருந்தாலும், 48 அலகின் பெறுமதி என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆகவே சாதாரண ஃபேனுக்கு நாற்பது வீதக் கழிவும் பிஎல்டிசி ஃபேனுக்குப் பத்து வீதக் கழிவும் ஒரே நாளில் கிடைத்தால், இரண்டாவதையே எடுக்க வேண்டும், அதுவும் இரவும் பகலும் சுழலும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும். எப்போதாவது போடும் அறைக்குச் சாதாரண ஃபேனே போதும்.

இனி, ஒருவரும் போகாத அந்தப் பின்சுவர். செம்பு வயர் அலமாரியில் கிழடாவதில்லை. அடுத்த வருடம் புதிய மாதிரி வந்து இதைப் பழையதாக்கிவிடும் என்ற பேச்சும் இல்லை. அதன் விலை செம்பின் உலக விலையையும் டொலரையும் பின்தொடர்வது. கடைக்காரர் நினைத்தபடி ஊதிப்பெருக்கிப் பின்னர் ‘கழிவு’ என்று குறைக்க அதில் இடம் குறைவு. எனவே வயர் சுருளுக்குத் தரப்படும் பதினைந்து வீதக் கழிவு, தொலைக்காட்சிக்குத் தரப்படும் நாற்பது வீதத்தைவிட நேர்மையான கழிவாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். விளக்குகளுக்கு 1/1.13, பிளக் பேஸ்களுக்கு 7/0.67 என்று எலக்ட்ரீசியன்மார் சொல்லும் கணக்கு, இழைகளின் எண்ணிக்கையும் ஒவ்வோர் இழையின் விட்டமும்தான்: முன்னது ஒரு சதுர மில்லிமீற்றர், பின்னது ஏறக்குறைய இரண்டரை. சுருளின் மேலுறையில் எஸ்.எல்.எஸ். தரச் சின்னமும் அளவும் அச்சாகியிருக்கிறதா, சுருள் முழுமையானதா, யாரோ வெட்டி எடுத்த மீதியா என்று பார்த்தால் போதும்.

ட்ரிப் சுவிட்ச் இன்னும் முக்கியமானது. தங்கையின் வீடு 1990களில் கட்டப்பட்டது. சமையலறையில் பழைய 15 அம்பியர் உருண்டை முனைப் பிளக் பேஸ் ஒன்றும், அதற்கு மேல் தொங்கிய அடப்டரும், அந்த அடப்டரில் ஒரு மல்டி பிளக்கும் இருந்தன. பிரதான பெட்டியில் இருந்த ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது அசையவே இல்லை. வீட்டில் ஆட்களைக் காப்பதற்கென்று இருக்கும் ஒரே பொருள் அது: 30 மில்லி அம்பியர் மின்சாரம் கசிந்தால் துண்டித்துவிட வேண்டும். மூன்று இலட்சத்தில் இதற்கான ஒதுக்கீடு அவர்கள் பட்டியலில் பூச்சியமாக இருந்தது, பட்டியலில் தொலைக்காட்சி முதல் வரியில் இருந்தது. கடையில் 40 அம்பியர், இரண்டு முனை, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கழிவில் கிடந்தது. மின்னிணைப்பு இல்லாமல் சோதனைப் பொத்தான் வேலை செய்யாது என்பதால் அதைக் கடையில் சும்மா அழுத்திப் பார்த்துப் பயனில்லை. ‘பூட்டிச் சோதித்த பின் சரியில்லையென்றால் மாற்றித் தருவோம்’ என்று பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொண்டு எடுத்தோம். பெயர் தெரியாத தயாரிப்பில் மட்டும் இந்தப் பொருளை மலிவென்று வாங்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் மிகைச்சுமையைக் கவனிப்பதில்லை, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கூடை நிறைய மல்டி பிளக்குகளுக்கு வருகிறேன். 13 அம்பியர், 230 வோல்ற்று என்றால் ஒரு பிளக் பேஸ் தாங்குவது மூவாயிரம் வோட்டுக்குச் சற்றுக் குறைவு. 2,000 வோட் கேத்தல், 700 வோட் ரைஸ் குக்கர், 1,000 வோட் மின்னழுத்தி மூன்றையும் காலை ஆறரைக்கு ஒரே மல்டி பிளக்கில் செருகினால் 3,700 ஆகிறது. கூடையில் கிடக்கும் மலிவான வகைகளில் உள்ளே செல்லும் வயர் எவ்வளவு மெல்லியது என்பது வெளியே தெரியாது. அதே பணத்தில் இரண்டு நல்ல 13 அம்பியர் பிளக் பேஸ்களும், அவற்றைச் சுவரில் பூட்டுவதற்கு வயரும் வாங்கலாம். 13 அம்பியர் சதுர முனை இப்போது நாட்டின் தரமாகிவிட்டதால் அவை வீணாகப் போகவும் மாட்டா. கழிவில் வந்த சில கேத்தல்களுக்கும் ப்ளெண்டர்களுக்கும் இரட்டை உருண்டை முனைப் பிளக் இருந்ததைக் கவனித்தேன். பேனை மூடியால் மேல் துளையை அழுத்திக்கொண்டு அதைச் செருகும் வித்தை நம் எல்லாருக்கும் தெரியும், தெரிந்திருப்பதால் அது பாதுகாப்பாகிவிடுவதில்லை.

சமையலறைச் சிறு பொருட்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ரைஸ் குக்கர் கிழடாகாது, எளிமையான பொருள், கூட்டம் அதை எடுப்பது சரியே. உழுந்து அரைக்கவும் சம்பல் இடிக்கவும் எதிர்பார்த்து 350 வோட் ப்ளெண்டரை வாங்குவது பிழை. அந்த வேலைக்கு 750 வோட் கிரைண்டர் வேண்டும், அது கழிவில் அகப்பட்டால் அதிர்ஷ்டம். எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்று மிஞ்சிய இண்டக்ஷன் அடுப்புகள் இன்னும் அங்குமிங்கும் மலிவில் வருகின்றன. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது என்பதால், வீட்டிலிருக்கும் அலுமினியச் சட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

பேட்டரி உள்ள எதையும் கழிவில் வாங்குவதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் பட்டறிவால் வந்த விதி. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது, சார்ஜ் விளக்குக்கு ஆட்கள் அடிபட்டார்கள். கடைகளும் அள்ளி இறக்கின. மின்சாரம் சீரான பிறகு அந்த இருப்புகள் தேங்கின. அடுத்த வருடம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் சித்தப்பா, ஒரு கடையின் மலிவு விற்பனையில் அரை விலைக்கு மூன்று விளக்குகள் வாங்கிவந்து, ‘இனி இருட்டே இல்லை’ என்று பெருமைப்பட்டார். இரவு முழுக்கச் சார்ஜ் செய்தும் ஒன்று இருபது நிமிடம் எரிந்தது. மற்ற இரண்டும் அதுவும் இல்லை. ஈய அமில பேட்டரியைச் சில மாதங்களுக்கு ஒரு தடவை சார்ஜ் செய்யாமல் பெட்டிக்குள் போட்டு வைத்தால், அதன் தகடுகளில் உப்புப் படிந்து அது செத்துப்போகும். பெட்டி புதிதாகவே இருக்கும். யூபிஎஸ் பெட்டிகளுக்கும் இதே கதிதான்.

இனிப் பணத்தின் கணக்கு. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்த காலந்தொட்டுத் தையல் இயந்திரத்திலிருந்து தொலைக்காட்சி வரை தவணைக்கு வாங்கிப் பழகிய ஊர் இது. இன்று கடனட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ அதே பழக்கத்தின் புதிய உருவம். கழிவு விலையோ பெரும்பாலும் காசுக்கு மட்டும். தங்கை பார்த்த குளிர்சாதனப் பெட்டி தவணைக்கு 180,000 ரூபா, 24 மாதம், மாதத்துக்கு 7,500, காசென்றால் 150,000. வட்டியில்லை என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. ஆனால் காசுக்கு 150,000 என்பதுதான் அதன் உண்மையான விலை என்று எடுத்துக்கொண்டால், அந்த 150,000ஐக் கடனாகப் பெற்று 24 மாதம் 7,500 வீதம் திருப்பிக் கட்டுவது மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை வீத வட்டி, ஆண்டுக்குப் பதினெட்டு. அந்த வட்டிக்குக் கடன் எடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. கையில் காசு இருப்பவருக்குக் கழிவு விலையே மேல். கையில் இருக்கும் காசு அவசரத் தேவைக்கான கடைசிச் சேமிப்பு என்றால், பதினெட்டு வீதமென்று தெரிந்துகொண்டே தவணையை எடுப்பதிலும் பிழையில்லை. தெரியாமல் எடுப்பதுதான் பிழை.

கழிவு என்று எழுதியிருப்பது கழிவுதானா என்பது அடுத்த சந்தேகம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ஓரிரு மாதங்களில் 360ஐத் தொட்டது. பின்னர் 300 அளவுக்கு இறங்கியது. உச்ச விலையில் இறக்கிய பொருளைக் கடைக்காரர் இருபது வீதம் குறைத்துத் தந்தாலும், பிற்பாடு இறங்கிய புதிய பொருளின் சாதாரண விலை அதற்குக் கிட்டவே நிற்கும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் விலைகளை மறுபடி கலைத்துப்போட்டது. ஆகவே அட்டையில் கோடு கிழித்த பழைய விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அதே நாளில் இன்னொரு ஷோரூமிலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கேட்ட விலையோடு ஒப்பிட வேண்டும். புறக்கோட்டையில் ‘கிளியரன்ஸ்’ பதாகை இல்லாமலே விலை குறைவு, பேரமும் பேசலாம். அங்கே குறைவது உத்தரவாதம்: முகவர் நிறுவனத்தின் உத்தரவாதமா, கடையின் உத்தரவாதமா என்று கேட்டால் பதில் சற்றே மழுப்பலாக வரும். கழிவில் கிடைக்காவிட்டால், வயர், பிளக் பேஸ், விளக்கு போன்ற உத்தரவாதம் பெரிதாகத் தேவைப்படாதவற்றுக்குப் புறக்கோட்டை. கம்ப்ரஸரும் மின்சுற்றுப் பலகையும் உள்ளவற்றுக்கு ஷோரூம் என்று பிரித்துக்கொண்டோம்.

கழிவு விலைப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று வாயால் சொல்வார்கள். எழுதிக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாடு என்று வந்தால் அந்த அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். பொருளின் மாதிரி இலக்கம், தொடரிலக்கம், ‘காட்சிப் பொருள்’ அல்லது ‘கீறல்’ என்ற குறிப்பு, உத்தரவாதக் காலம் நான்கும் பற்றுச்சீட்டில் இல்லாவிட்டால், மாலையில் இன்னொரு முறை வந்தாலும் பரவாயில்லை என்று திரும்பிவிடுவதே நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்களா என்பதும் அதே இடத்தில் தீர வேண்டிய விடயம்; லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஏற்றும் கூலி, கழிவில் கணிசமான துண்டைத் தின்றுவிடும். படிக்கட்டின் திருப்பத்தை அளக்காமல் வாங்கி, பெட்டியை முதல் மாடியிலேயே நிறுத்திவைத்த அயலவர் ஒருவரும் அந்தத் தொடர்மாடியில் உண்டு.

தங்கை வீட்டுக்கு முடிவில் கழிவில் எடுத்தவை: பிளாஸ்டிக் பாகத்தில் மட்டும் கீறலிருந்த குளிர்சாதனப் பெட்டி, இரண்டு பிஎல்டிசி ஃபேன், ஒரு சாதாரண ஃபேன், ட்ரிப் சுவிட்ச், எம்.சி.பி.கள், ஆறு பிளக் பேஸ், ரைஸ் குக்கர். சலவை இயந்திரம் சாதாரண விலைக்கு. தொலைக்காட்சியை ஏப்ரல் வரை தள்ளிப்போட்டார்கள். பட்டியலில் முதல் வரி கடைசி வரியானதில் மச்சானுக்கு இன்னும் மனத்தாங்கல். 7/0.67 சுருள் ஒன்றை மட்டும் நான் வேண்டுமென்றே கடைசி நாளுக்கு விட்டுவைத்திருந்தேன். மாலை ஆறு மணிக்குப் போனபோது, அது அதே மூலையில், இன்னும் ஐந்து வீதம் குறைந்த விலைச் சிட்டையோடு கிடந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் சுருளுக்கென்று தனி டிக்கெட் எதுவும் கேட்கவில்லை.